நிறம் மாறலையே, டீச்சர்

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை.
வாலிநோக்கத்துக் காற்று
ஆய்வக ஜன்னலின் கொக்கியைத் தின்று முடித்து
தராசுப் பெட்டியின் கீலில் வாய் வைத்திருந்தது.
பன்னிரண்டு குடுவைகள்; எல்லாவற்றிலும் அமிலம்,
இரண்டிரண்டு சொட்டு பினாப்தலீன்.
மேலிருந்து காரம் சொட்டச் சொட்ட
பதினொரு கைகள் ஒவ்வொன்றாய்க் குழாயை மூடின.
இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு.
கஸ்பார் மட்டும் விட்டுக்கொண்டே இருந்தான்.
"நிறம் மாறலையே, டீச்சர்.
கொஞ்சம் அழுக்காத்தான் தெரியுது.
தண்ணி மாத்தணுமா?"

வகுப்பு சிரித்தது.
பொய் சொல்ல மாட்டேன், நானும் கொஞ்சம்.
அவன் பதிவேட்டில் 'கவனம் இல்லை' என்று எழுதினேன்.
சிவப்பு மையில்.

மணி அடித்தபின் நம்புசெல்வி நின்றாள்.
விரல்களில் துணி சுற்றியிருந்தது:
பாசி எடுக்கப் போய்ப் பாறை கிழித்தது.
அந்த மாதம் பத்து நாள் அவள் வரவில்லை,
அதற்கும் என்னிடம் ஒரு சிவப்பு வட்டம் உண்டு.
"அவனுக்குச் சிவப்பு, பச்சை பிரியாது டீச்சர்.
படகு விளக்கைக்கூட
இடமா வலமா இருக்குன்னு பார்த்துத்தான் சொல்வான்.
எங்க எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும்.
எம்.எஸ்சி., எம்.ஃபில்., ஆறு வருடம் இதே அறை.
எனக்குத் தவிர.

"வாசத்தை வச்சுப் பார்க்க முடியாதா?" என்றாள்.
"கீழ்வகுப்புப் புத்தகத்துல வெங்காயம்னு ஒரு வரி வருமே.
முக்கியமில்லைன்னு தாண்டிட்டீங்க."

சத்துணவுக் கூடத்துப் பேச்சியம்மாள்
நாலு வெங்காயத்தை எண்ணிக் கொடுத்தாள்,
சாம்பாரில் குறைந்தால் நீங்கள்தான் பதில் என்று.
நறுக்கி, பிழிந்து, வடிகட்டி
அமிலத்தோடு சேர்த்தோம்.
காரம் ஏற ஏற வாசம் அடங்கும்.
எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள்.
துப்பட்டா, கைக்குட்டை, ஒருவன் டை.
சொட்டுக்கு ஒரு குலுக்கல், குலுக்கலுக்கு ஒரு மூச்சு.
இவ்வளவு அமைதியாய் இந்த அறையை நான் பார்த்ததில்லை.
கடல் கேட்டது.

"எனக்குச் சளி, ஒண்ணுமே வரலை" என்றாள் சீனிக்கனி,
பாதி அழுகையில்.
இதை நான் யோசிக்கவே இல்லை.
கட்டை அவிழ்த்து
அளவுக் குழாய்க்கு நேரே அவளை நிறுத்தினேன்.
கடைசி பெஞ்சிலிருந்து இதுவரை கேட்டிராத குரல்
எண்களை உரக்கப் படித்தது:
இருபது புள்ளி எட்டு... இருபத்தொன்று...

"போயிருச்சு" என்றான் கஸ்பார்.
இருபத்தொன்று புள்ளி இரண்டு.
சிவப்பு சொன்ன கணக்கைவிட
முக்கால் மில்லி கூடுதல்.
பிழைதான். ஆனால் அவனுடைய பிழை.
பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

மார்ச்சில் பரமக்குடியிலிருந்து தேர்வாளர் வருவார்.
வெங்காயத்தை முகர மாட்டார்.
மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் காட்டி ஒன்று இருக்கிறது,
கஸ்பார் கண்ணுக்கும் அது தெரியும்;
அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு
இன்னும் பதில் இல்லை.
மதுரையில் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன்,
ரசீது கைப்பையில் கிடக்கிறது.

குடுவைகளைத் தொட்டியில் கவிழ்க்கப் போனபோது
நம்புசெல்வி கையைப் பிடித்தாள்.
"மிஞ்சினது உப்புத்தானே டீச்சர்?
எங்கப்பா ஒரு நாள் முழுக்க வெயில்ல நிக்கிறது
இதுக்குத்தான். கொட்டாதீங்க."

கண்ணாடித் தட்டில் ஊற்றி ஜன்னலில் வைத்தோம்.
வெள்ளிக்கிழமை,
கொஞ்சம் பழுப்பேறிய சின்னச் சின்னச் சதுரங்கள்.
கஸ்பார்தான் முதலில் குனிந்தான்.
"வெங்காயம் இன்னும் இருக்கு, டீச்சர்."

நானும் குனிந்து இழுத்துப் பார்த்தேன்.
இன்னொரு முறையும்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.

"இருக்கு டீச்சர்" என்றான்,
சிரிக்காமல்.